ஞானப்பல்லும் லேசர் ஒளியும்

மும்பையின் கிழக்குப் பகுதியில் தேவ்நார் இருக்கிறது. தேவ்நார் என்றதும் பலருக்கு ஆட்டுச் சந்தை நினைவுக்கு வரும். சிலருக்குக் குப்பை மேடு நினைவுக்கு வரும். 1927ஆம் ஆண்டில் அங்கே நகரத்தின் குப்பையைக் கொட்டத் தொடங்கினார்கள்.

தேவ்நாருக்குப் பக்கத்தில் டிராம்பே இருக்கிறது. அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்ளது. 1960களின் நடுவில் டிராம்பே விஞ்ஞானிகள் ஒரு சிறிய கருவியைச் செய்தார்கள். அதில் மின்சாரம் பாய்ந்தால் லேசர் ஒளி வரும். இன்று அதே வகையைச் சேர்ந்த கருவிகள் பல் மருத்துவத்திலும் பயன்படுகின்றன. ஞானப்பல்லை எடுத்த பிறகு வீக்கம் வரும், வலி வரும். அவற்றைக் குறைக்கச் சில டாக்டர்கள் லேசர் ஒளி வைக்கிறார்கள்.

அந்த ஒளி என்ன செய்யும்? அது எல்லோருக்கும் தேவையா? பணம் இல்லாதவர் என்ன செய்வது? இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

1. ஞானப்பல் எது?

பெரியவர்களுக்கு மொத்தம் 32 பற்கள். மேலே 16, கீழே 16. இவற்றில் கடைசியாக முளைப்பது ஞானப்பல். வாயின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று முளைக்கும். பெரும்பாலும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கும். அறிவு வளர்ந்த வயதில் முளைப்பதால் அந்தப் பெயர். மும்பையில் இதை ‘அக்கல் தாட்’ என்பார்கள். அக்கல் என்றால் அறிவு. பல்லை எடுத்தால் அறிவு குறையாது. பெயர்தான் அப்படி.

சிலருக்கு ஞானப்பல் முளைப்பதே இல்லை. சிலருக்கு நேராக முளைக்கும். அதனால் தொந்தரவு இல்லை. சிலருக்குத் தாடையில் இடம் போதாது. பல் சாய்ந்து நிற்கும். அல்லது படுத்துக் கிடக்கும். பாதி பல் வெளியே தெரியும். பாதி ஈறுக்குள் மறைந்திருக்கும். அந்த ஈறுக்கு அடியில் சோறும் அழுக்கும் சேரும். கிருமி வளரும். ஈறு வீங்கும். வாயைத் திறக்க முடியாது. காய்ச்சலும் வரலாம்.

2. தேவ்நாரில் ஒரு குடும்பம்

தேவ்நாரில் ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். மகனுக்கு வயது 24. வாடகை ஆட்டோ ஓட்டினான். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஆட்டோ வாடகையை அன்றன்றே கட்ட வேண்டும்.

அவனுக்குக் கடைவாயில் வலி. மூன்று மாதமாக வந்து வந்து போனது. கிராம்பை வைத்துப் பார்த்தான். மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டான். ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கிவிட்டது. ஒரு விரல்கூட வாய்க்குள் நுழையவில்லை.

“டாக்டரிடம் போகலாம் வா” என்றாள் தாய். “ஆனால் பல்லைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்கிறார்கள்.”

இருவரும் பல் டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியும். அவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். கீழ் ஞானப்பல் படுத்துக் கிடந்தது. பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு இருந்தது.

“இந்தப் பல்லை எடுத்துவிடுவதுதான் நல்லது. முதலில் வீக்கம் குறைய மருந்து தருகிறேன். பிறகு ஆபரேஷன் செய்யலாம்” என்றார் டாக்டர்.

“கண்ணுக்கு ஒன்றும் ஆகாதா, டாக்டரம்மா?” என்று தாய் கேட்டாள்.

“ஆகாதம்மா. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. பார்வைக்கு உரிய நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போகாது.”

ஞானப்பல் இருக்கும் எல்லோரும் அதை எடுக்க வேண்டியதில்லை. நோய் இல்லாத ஞானப்பல்லை எடுக்கத் தேவையில்லை என்று 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பு டாக்டர்களுக்கு அறிவுரை சொன்னது. தொந்தரவு தரும் பல்லைத்தான் எடுக்க வேண்டும். இந்தத் தம்பியின் பல் அப்படிப்பட்டது.

3. ஆபரேஷன் எப்படி நடக்கும்?

முதலில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். நோயாளி விழித்திருப்பார். அழுத்தம் தெரியும். வலி தெரியாது. டாக்டர் ஈறை லேசாகக் கீறி விலக்குவார். பல்லை மூடியிருக்கும் எலும்பைக் கொஞ்சம் எடுப்பார். தேவைப்பட்டால் பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி எடுப்பார். பிறகு தையல் போடுவார். சில தையல் நூல் தானாகக் கரையும். கரையாத நூலை ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிரிப்பார்கள்.

கீழ்த் தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. அது கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அந்த நரம்பை ஒட்டி இருக்கும். அவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு உதடு மரத்துப்போகலாம். பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும். அபூர்வமாக நிலைத்தும் விடலாம். ஆகவே எக்ஸ்ரே பார்த்து விளக்கம் கேட்பது நல்லது.

ஆபரேஷனுக்கு முன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அது சம்மதத் தாள். படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. தெரியாத மொழியில் இருந்தால், தெரிந்த மொழியில் சொல்லும்படி கேட்கலாம். அப்படிக் கேட்பது நோயாளியின் உரிமை.

சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, இதய நோய், ஆஸ்துமா, வயிற்றுப் புண் இருப்பவர்கள் அதை டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் சொல்ல வேண்டும்.

4. லேசர் என்றால் என்ன?

விளக்கின் ஒளி எல்லாப் பக்கமும் பரவும். அதில் பல நிறங்கள் கலந்திருக்கும். லேசர் ஒளி அப்படிப் பரவாது. ஒரே நிறமாக, ஒரே திசையில், கம்பி போல நேராகப் போகும்.

இப்படி ஒளியை உண்டாக்க வழி உண்டு என்று 1917ஆம் ஆண்டில் விஞ்ஞானி ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் காட்டினார். முதல் லேசர் கருவியை 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியோடர் மைமன் செய்தார். 1964ஆம் ஆண்டில் வேறு வகை லேசர் ஒன்று வந்தது. அதைச் செய்தவர் குமார் படேல். அவர் மகாராஷ்டிராவில் உள்ள பாராமதியில் பிறந்தவர். அவருடைய லேசர் இரும்பையும் அறுக்கும். டாக்டர் கையில் அது சதையை அறுக்கும் கத்தி ஆகும்.

ஞானப்பல்லை எடுத்த பிறகு வைப்பது அந்த லேசர் அல்ல. இது மென்மையான லேசர். இதன் சக்தி பெரும்பாலும் அரை வாட்டுக்கும் குறைவு. பழைய குண்டு பல்பு 60 வாட். இந்த லேசர் அறுக்காது. சுடாது. வலிக்காது.

மென்மையான லேசரின் கதை ஹங்கேரி நாட்டில் தொடங்கியது. அங்கே புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற டாக்டர் இருந்தார். லேசர் பட்டால் புற்றுநோய் வருமா என்று அவர் சோதித்தார். 1967ஆம் ஆண்டில் எலிகளின் முதுகு முடியை மழித்து லேசர் காட்டினார். புற்றுநோய் வரவில்லை. ஆனால் லேசர் பட்ட எலிகளுக்கு முடி வேகமாக வளர்ந்தது. அவர் வியந்தார். ஆறாத புண்களுக்கும் இந்த ஒளியை வைத்துப் பார்த்தார். அதிலிருந்து இந்தச் சிகிச்சை வளர்ந்தது.

5. புண்ணை ஆற்றுவது எது?

பல்லை எடுத்த இடத்தில் ஒரு குழி இருக்கும். அதில் ரத்தம் நிறைந்து உறையும். இந்த ரத்தக் கட்டி மிக முக்கியம். அது குழிக்கு மூடி போன்றது. அதன் கீழே புதுச் சதை வளரும். பிறகு எலும்பு வளரும்.

கன்னம் வீங்குவதும் இயற்கைதான். உடம்பு அந்த இடத்தைச் சரிசெய்ய வேலை செய்கிறது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வீக்கம் அதிகமாக இருக்கும். பிறகு குறையும். வாயும் கொஞ்ச நாள் சரியாகத் திறக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் சரியாகும்.

லேசர் வைக்கும் டாக்டர் பேனா போன்ற ஒரு கருவியைப் புண்ணின் பக்கத்தில் பிடிப்பார். கன்னத்தின் வெளியேயும் பிடிப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியும். சில கருவிகளின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது கண்ணில் படக் கூடாது. ஆகவே டாக்டரும் நோயாளியும் அதற்கு உரிய கண்ணாடி அணிய வேண்டும். வாயில் புற்றுநோய்க் கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் லேசர் வைக்கக் கூடாது.

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லும் சக்தியை உண்டாக்குகிறது. இந்த ஒளி பட்டால் செல் கூடுதலாகச் சக்தி பெறுகிறது, அதனால் வீக்கமும் வலியும் குறையலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

6. சோதனைகள் என்ன சொல்கின்றன?

ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்று எப்படி அறிவது? ‘எனக்கு நன்றாக இருந்தது’ என்று ஒருவர் சொன்னால் போதாது. வீக்கம் தானாகவும் குறையும் அல்லவா?

ஆகவே டாக்டர்கள் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்கு லேசர் வைப்பார்கள். மற்றக் குழுவுக்கும் கருவியைக் கன்னத்தில் பிடிப்பார்கள். ஆனால் சுவிட்சைப் போடமாட்டார்கள். தமக்கு லேசர் கிடைத்ததா இல்லையா என்று நோயாளிக்குத் தெரியாது. பிறகு இரு குழுவிலும் வீக்கத்தை அளப்பார்கள். வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளப்பார்கள். வலியைக் கேட்டுக் குறிப்பார்கள்.

ஞானப்பல்லுக்கு இப்படிப் பல நாடுகளில் சோதனை நடந்தது. சில சோதனைகளில் லேசர் வைத்தவர்களுக்கு முதல் சில நாட்கள் வீக்கம் குறைவாக இருந்தது. வாய் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தது. வலியும் குறைந்தது. வேறு சில சோதனைகளில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு சோதனையிலும் ஒளியின் நிறம் வேறு, அளவு வேறு, நேரம் வேறு.

மொத்தத்தில், லேசர் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். முதல் சில நாட்களை எளிதாக்கலாம். ஆனால் அது கட்டாயம் அல்ல.

7. தோட்டை அடகு வைப்பதா?

டாக்டரம்மா செலவுக் கணக்கை எழுதிக் கொடுத்தார். ஆபரேஷனுக்கு ஒரு தொகை. லேசருக்குத் தனியாக ஒரு தொகை. ‘விருப்பம் இருந்தால்’ என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தார்.

தாய் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். “தோட்டை அடகு வைத்துவிடலாம்” என்றாள்.

மகன் டாக்டரிடம் கேட்டான்: “லேசர் வைக்காவிட்டால் புண் ஆறாதா, டாக்டர்?”

“ஆறும், தம்பி. புண்ணை ஆற்றுவது உங்கள் உடம்பு. லேசர் வைத்தால் வீக்கம் கொஞ்சம் குறையலாம், குறையாமலும் இருக்கலாம். கையில் பணம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.”

“மூன்று நாளில் வண்டி ஓட்ட முடியுமா?”

“முதல் மூன்று நாள் ஓய்வு வேண்டும். அதன் பிறகு உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு செய்யலாம். இன்னொன்று. நீங்கள் மாவா போடுகிறீர்கள். பல்லைப் பார்த்தாலே தெரிகிறது. அதை நிறுத்த வேண்டும். மாவா போட்டுக்கொண்டே லேசர் வைத்துப் பயன் இல்லை.”

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவர்கள் லேசர் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். தோடு தாயின் காதிலேயே இருந்தது.

ஆபரேஷன் நடந்தது. இரண்டாம் நாள் கன்னம் பெரிதாக வீங்கியது. தாய் பயந்துவிட்டாள். டாக்டர் முன்பே சொன்னதை மகன் நினைவுபடுத்தினான். ஐந்தாம் நாள் வீக்கம் நன்றாகக் குறைந்தது. ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். எட்டாம் நாள் அவன் ஆட்டோ எடுத்தான்.

8. வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் நாள்:
• டாக்டர் வைத்த பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் கடித்துக்கொள்ள வேண்டும்.
• துப்பக் கூடாது. வாய் கொப்பளிக்கக் கூடாது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. இவற்றால் ரத்தக் கட்டி கழன்றுவிடும்.
• ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளியே வைக்கலாம். 10 நிமிடம் வைத்து, எடுத்து, மீண்டும் வைக்கலாம்.
• மரத்த உதட்டைக் கடித்துவிடக் கூடாது. மரப்பு போகும் வரை சூடான டீ குடிக்கக் கூடாது.
• படுக்கும்போது தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும்.

இரண்டாம் நாள் முதல்:
• வெதுவெதுப்பான உப்பு நீரால் மெதுவாகக் கொப்பளிக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு கட்டாயம் செய்ய வேண்டும்.
• கஞ்சி, குழைந்த சோறு, இட்லி, தயிர், வாழைப்பழம் சாப்பிடலாம். மிளகாய்க் காரம், முறுக்கு, கடலை வேண்டாம்.
• புண்ணைத் தொடாமல் மற்றப் பற்களை மெதுவாகத் துலக்க வேண்டும்.
• டாக்டர் சொன்ன பிறகு வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக வேண்டும்.

மருந்து:
• டாக்டர் எழுதிய மாத்திரையை எழுதிய அளவில் சாப்பிட வேண்டும்.
• பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிச் சாப்பிடக் கூடாது.

பீடி, சிகரெட், குட்கா, மாவா, மிஷ்ரி, மது எதுவும் கூடாது. புகை பிடிப்பவர்களுக்கு ரத்தக் கட்டி கழன்று, குழி காய்ந்துபோவது அதிகம். அப்போது இரண்டு முதல் நான்கு நாளில் கடும் வலி வரும். வாயில் நாற்றம் வரும். உடனே டாக்டரிடம் போக வேண்டும். குழியைக் கழுவி மருந்து வைப்பார்கள்.

வேறு எப்போது உடனே போக வேண்டும்?
• ரத்தம் நிற்காமல் வந்தால்
• மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடிக்கொண்டே போனால்
• காய்ச்சலோ சீழோ வந்தால்
• விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால். இது ஆபத்து. இரவானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

9. வாய் திறக்காததற்கு வேறு காரணமும் உண்டு

பல்லை எடுத்த பிறகு வாய் திறக்காமல் இருப்பது சில நாள் தொந்தரவு. ஆனால் குட்கா, மாவா, பாக்கு போடுகிறவர்களுக்கு வேறு ஒரு நோய் வரும். கன்னத்தின் உள்சதை கட்டியாகி இறுகும். காரம் பட்டால் எரியும். மாதக்கணக்கில் வாய் சுருங்கிக்கொண்டே போகும். இது பிறகு புற்றுநோயாக மாறலாம். 2012ஆம் ஆண்டில் மகாராஷ்டிரா அரசு குட்காவைத் தடை செய்தது. இப்படி வாய் சுருங்கினால் ஞானப்பல் என்று நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது. பல் டாக்டரிடம் வாயைக் காட்ட வேண்டும்.

10. எங்கே போகலாம்?

மும்பையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அது சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் முனையத்துக்குப் பக்கத்தில், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் உள்ளது. கோவண்டியிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் நேராகப் போகலாம். மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. அது 1933ஆம் ஆண்டில் தொடங்கியது. மாநகராட்சி அதை நடத்துகிறது. சென்னையில் 1953ஆம் ஆண்டில் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இத்தகைய இடங்களில் தனியார் மருத்துவமனையைவிடச் செலவு குறைவு.

நினைவில் வைப்போம்

• தொந்தரவு தரும் ஞானப்பல்லைத்தான் எடுக்க வேண்டும்.
• ரத்தக் கட்டியைக் காப்பாற்றினால் புண் ஆறும்.
• லேசர் கொஞ்சம் உதவலாம். அது கட்டாயம் அல்ல.
• புரியாததைக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. ஞானப்பல் பெரும்பாலும் எந்த வயதில் முளைக்கும்?
2. பல்லை எடுத்த முதல் நாள் ஏன் துப்பக் கூடாது?
3. லேசர் வைக்கும்போது ஏன் கண்ணாடி அணிய வேண்டும்?

ஆ. சரியா, தவறா?
1. பல்லை எடுத்தால் கண் பார்வை போகும்.
2. லேசர் வைக்காவிட்டால் புண் ஆறாது.
3. இரண்டாம் நாள் வீக்கம் அதிகமாக இருக்கலாம்.

இ. கணக்குப் போடுக.
8 மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை? 5 நாளைக்கு எத்தனை வாங்க வேண்டும்?

ஈ. கூடிப் பேசுக.
மருத்துவமனையில் கூடுதல் செலவாகும் ஒரு சிகிச்சையைச் சொன்னால், நாம் என்னென்ன கேள்விகள் கேட்க வேண்டும்?